வாடிக்கையாளர் விவரம்: சட்டம் யாரைக் காக்கும், யாரைத் தாக்கும்?

ஒரு தீபாவளி முடிந்த மறுவாரம். இருபது ஆண்டுகளாக எங்கள் கடையில் மளிகை வாங்கும் ஓர் அம்மாள் நேராகக் கல்லாவுக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி, போன தடவை பில் போடும்போது என் செல் நம்பரைக் கேட்டு வாங்கினீங்களே. அதுக்கு அடுத்த நாள்லேருந்து கடன் வேணுமா, கார்டு வேணுமான்னு நாளுக்கு நாலு போன் வருது. யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"நான் யாருக்கும் கொடுக்கலையே அம்மா" என்றேன். அது உண்மைதான். ஆனால் அன்று இரவு கடையைச் சாத்திய பிறகு யோசித்துப் பார்த்தேன். பில் போடும் கம்ப்யூட்டரில் ஏறிய அந்த எண் எங்கே போய்ச் சேருகிறது? பில்லிங் மென்பொருள் கொடுத்தவர்களிடம் ஒரு நகல் இருக்கிறதா? அங்கே யார் யார் அதைப் பார்க்கிறார்கள்? ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். படித்துப் பார்க்கவில்லை. "என் கடையிலிருந்து போகவில்லை" என்று அந்த அம்மாளிடம் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

இந்த நிலையில் இன்று நம்மில் பலர் இருக்கிறோம். இதற்காகவே நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகர்களைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதனால் வாடிக்கையாளருக்கு என்ன நன்மை? சந்தையில் சிறு வியாபாரிக்கும் பெரு நிறுவனத்துக்கும் உள்ள போட்டி என்னவாகும்? நமக்கு முன்னரே இந்தப் பாதையில் நடந்து பார்த்த ஐரோப்பிய நாடுகளின் அனுபவம் இங்கே நமக்குப் பாடமாக இருக்கிறது.

நோட்டும் கம்ப்யூட்டரும்

கடன் சிட்டை எழுதிய காலத்திலும் வாடிக்கையாளரின் அந்தரங்கம் கடைக்காரருக்குத் தெரியும். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, யாருக்குச் சம்பளம் தாமதம் என்பதெல்லாம் சாமான் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் அந்த நோட்டு கல்லாப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

இன்று அந்த விவரமே ஒரு சரக்காகிவிட்டது. அரிசி மூட்டையை ஒருவருக்கு விற்றால் நம்மிடம் அது இருக்காது. செல் எண்களை ஆயிரம் பேருக்கு விற்றாலும் நம்மிடம் அப்படியே இருக்கும். விற்றது விற்கப்பட்டவருக்கே தெரியாது. ஆகையால் விவரத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் கடை எது, விற்றுக் காசாக்கும் கடை எது என்று வாடிக்கையாளரால் பிரித்தறிய முடிவதில்லை.

இது முத்திரையில்லாத தராசுக்கு ஒப்பானது. எடைக்கல்லுக்கு அரசு முத்திரை இல்லையென்றால் நாணயமாக நிறுப்பவருக்குத்தான் நஷ்டம். குறைத்து நிறுப்பவர் விலையைக் குறைத்துச் சொல்லிக் கூட்டத்தை இழுத்துவிடுவார். முத்திரைச் சட்டம் வந்தபோது அது நுகர்வோரைக் காத்தது, கூடவே நாணயமான வியாபாரியையும் காத்தது. தனிநபர் விவரத்துக்குச் சட்டம் தேவை என்பதற்குப் பொருளாதாரக் காரணம் இதுதான். எனவே சட்டமே வேண்டாம் என்பது நம் வாதமாக இருக்கலாகாது. முத்திரைக் கட்டணம் பெட்டிக்கடைக்கும் பெரிய மண்டிக்கும் ஒரே தொகையாக இருந்தால் என்ன ஆகும் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

ஐரோப்பாவில் நடந்தது என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை என்ற சட்டத்தை இயற்றி, 2018 மே 25 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஒருவருடைய விவரத்தைச் சேகரிக்கச் சம்மதமோ சட்டம் ஏற்கும் வேறு காரணமோ வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும், உரிய நிலையில் அழிக்கவும் வேண்டும். கடுமையான மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். கூகுள், பேஸ்புக் போன்ற பெரு நிறுவனங்களை அடக்க வந்த சட்டம் என்றே பலரும் இதைப் பேசினார்கள்.

அமலான நாளன்றே ஒரு காட்சி. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், சிகாகோ டிரிப்யூன் ஆகிய அமெரிக்க நாளேடுகளின் இணையப் பக்கங்களை ஐரோப்பிய வாசகர்கள் திறக்க முடியவில்லை. சட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி அமைப்பதைவிடக் கதவைச் சாத்துவதே மேல் என்று அவை முடிவு செய்திருந்தன.

அடுத்த விளைவு நமக்கு முக்கியமானது. ஓர் இணையதளத்துக்குப் பின்னால் பல துணை நிறுவனங்கள் வேலை செய்கின்றன. ஒன்று வருகிறவர்களை எண்ணும், ஒன்று விளம்பரம் பிடித்துத் தரும், இன்னொன்று வந்தவர் எதைப் பார்த்தார் என்று குறிக்கும். இவற்றில் கூகுளும் உண்டு, ஊர்பேர் தெரியாத சிறு நிறுவனங்களும் உண்டு. 27,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சட்டம் அமலான மறுவாரத்தில் இத்தகைய துணை நிறுவனங்களின் பயன்பாடு 15 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். குறைந்தது யாருடைய பங்கு? பெரும்பாலும் சிறியவர்களுடையது. சந்தை ஒரு சிலர் கையில் குவியும் அளவு 17 சதவீதம் கூடியது. கூகுள், பேஸ்புக் ஆகியவற்றின் பங்கு முன்னைவிட உயர்ந்தது. அடக்க வந்த சட்டம் அவர்களுக்கே அரணாகிவிட்டது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள் மொத்த நிலவரம் ஏறக்குறைய பழையபடி திரும்பிவிட்டது என்றும் அதே ஆய்வு கூறுகிறது. ஆனால் அதிகாரிகளின் கண்காணிப்பு அதிகமாக இருந்த விளம்பரத் துறையில் மட்டும் பாதிப்பு நீடித்தது.

செல்போன் செயலிகளின் கதை இன்னும் கடுமையானது. கூகுளின் செயலிக் கடையில் 2016 முதல் 2019 வரை இருந்த 41 லட்சம் செயலிகளை இன்னொரு குழுவினர் ஆராய்ந்தார்கள். இந்தச் சட்டத்தின் விளைவாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செயலிகள் வெளியேறின என்றும், புதிதாக வருபவை பாதியாகக் குறைந்தன என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். வெளியேறியவற்றில் உதவாதவை நிறைய இருந்திருக்கலாம். ஆனால் பிறக்காமலே போன செயலிகளில் நல்லவை எத்தனை என்பதைப் பார்க்க வழியில்லையே.

பாரம் ஏன் சிறியவர் தலையில் விழுகிறது?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் நமக்குப் பழக்கமானவையே.

முதலாவது, செலவு ஆளைப் பார்த்து வருவதில்லை. வக்கீலுக்குக் கொடுப்பது, மென்பொருளை மாற்றுவது, பதிவேடு வைப்பது ஆகிய செலவுகள் கோடியில் புரளும் நிறுவனத்துக்குக் கடலில் கரைத்த பெருங்காயம். மாதம் சில ஆயிரம் மிஞ்சும் கடைக்கு அதுவே முதலைத் தின்னும். ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் கணக்கு எழுத ஆள் வைத்த சிறு வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பொறுப்பைக் கண்டு ஏற்படும் பயம். துணை நிறுவனம் தவறு செய்தால் தன் தலையும் உருளும் என்று தெரிந்தவுடன் இணையதளக்காரர் பெரிய பெயரையே நாடுகிறார். சிறிய நிறுவனம் நாணயமானதாகவே இருந்தாலும் அதை நிரூபிக்க அதற்கு வசதி இல்லை.

மூன்றாவது, சம்மதம் கேட்கும் முறை. எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் பெரிய நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் ஒரு முறை "சரி" என்று சொன்னால் போதும். பத்துச் சிறு நிறுவனங்களிடம் போனால் பத்து முறை படிக்க வேண்டும், பத்து முறை "சரி" சொல்ல வேண்டும். மனிதர்கள் அலுத்துவிடுவார்கள். சம்மதம் கட்டாயமாகும்போது பலவும் விற்கும் பெரிய நிறுவனம் லாபமடையும், ஒன்றை மட்டும் விற்கும் சிறிய நிறுவனம் பின்தங்கும் என்று ஐரோப்பியச் சட்டம் அமலாவதற்கு முன்பே பொருளாதார அறிஞர்கள் எழுதியிருந்தார்கள்.

அபராதமும் இப்படித்தான். பிரான்சு நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஜனவரியில் கூகுளுக்கு 5 கோடி யூரோ அபராதம் விதித்தது. தொகை பெரிதாகத் தோன்றும். கூகுளின் தாய் நிறுவனத்துக்கு 2018-இல் வந்த வருமானம் 13,600 கோடி டாலருக்கும் மேல். கணக்குப் போட்டால் அந்த அபராதம் சுமார் நான்கு மணி நேர வியாபாரம்! பின்னர் அபராதங்கள் உயர்ந்தன. 2021-இல் அமேசானுக்கு 74.6 கோடி யூரோ, 2023-இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ என்று போயிற்று. அந்த நிறுவனங்கள் இன்றும் வியாபாரம் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

நுகர்வோருக்கு லாபமா, நஷ்டமா?

நுகர்வோருக்குப் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் பயணச் சீட்டு, தங்குமிடம் விற்கும் இணையதளங்களை ஆராய்ந்தபோது, சட்டம் வந்த பிறகு பின்தொடர்ந்து பார்க்க முடிந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை 12.5 சதவீதம் குறைந்திருந்தது. "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்புக் கிடைத்தவுடன் கணிசமானோர் அதைப் பயன்படுத்தினார்கள். அந்தரங்கத்தைப் பற்றி மக்களுக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு இதனால் பொய்யாயிற்று. சம்மதம் தந்து தங்கியவர்களை முன்னைவிடத் தெளிவாகக் கண்டறிய முடிந்ததால், அவர்கள் விளம்பரதாரருக்கு அதிக மதிப்புள்ளவர்களானார்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. மனமுவந்து தந்த விவரத்துக்கு மதிப்பு அதிகம் என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

மறுபக்கமும் உண்டு. கடன் கேட்டு வருபவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துத்தான் கொடுக்கிறோம். விசாரிக்கவே கூடாது என்றால் என்ன செய்வோம்? யாருக்கும் கொடுக்க மாட்டோம், அல்லது எல்லோருக்கும் விலையை ஏற்றுவோம். ஒழுங்காகத் திருப்பித் தருபவர், ஏமாற்றுபவருக்கும் சேர்த்துக் கட்ட நேரும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள் வந்த பிறகு, அடமானம் வைக்கச் சொத்து இல்லாதவருக்கும் அவருடைய நாணயமே ஒரு சாட்சியாக நிற்கிறது. ஆகவே விவரம் பரிமாறப்படுவதெல்லாம் தீமை என்றும் கொள்ளலாகாது. எதற்காகத் தரப்பட்டதோ அதற்கு மட்டும் பயன்படுகிறதா என்பதே உரைகல்.

காவல்காரரே கடைக்காரரானால்...

அரசுச் சட்டம் மட்டுமின்றி, பெரு நிறுவனங்களே அந்தரங்கத்தின் பெயரால் விதி வகுப்பதும் நடக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் தன் ஐபோன்களில் ஒரு மாற்றம் செய்தது. பிற செயலிகள் உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா என்று போனே கேட்கத் தொடங்கியது. இதனால் 2022-இல் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டா கூறியது. நுகர்வோருக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் இதற்காக ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்தரங்கத்தைக் காக்கும் நோக்கத்தில் ஆணையம் குற்றம் காணவில்லை. நடைமுறைப்படுத்திய விதம் தேவைக்கு மேல் கடுமையாக இருந்தது, குறிப்பாகச் சிறு செயலி வெளியீட்டாளர்களைப் பாதித்தது என்பதே அதன் தீர்ப்பு.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. வாட்ஸ்அப் நிறுவனம் 2021-இல் தன் அந்தரங்கக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொண்டால்தான் தொடரலாம் என்றது. ஊரே அதில் இருக்கும்போது விட்டு விலக யாரால் முடியும்? இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் இதைச் சந்தை ஆதிக்கத்தின் துஷ்பிரயோகம் என்று கூறி மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காக விவரங்களைத் தன் குழும நிறுவனங்களுடன் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. போட்டி இல்லாத இடத்தில் வாடிக்கையாளரின் அந்தரங்கமும் மலிவாகிவிடும் என்பது இந்த வழக்கு தரும் பாடம். ஆகவே அந்தரங்கச் சட்டமும் போட்டிச் சட்டமும் ஒரே வண்டியின் இரு மாடுகள். ஒன்றை மட்டும் ஓட்டினால் வண்டி குடைசாயும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழி வந்ததே 2023-ஆம் ஆண்டுச் சட்டம். காகித நோட்டில் மட்டும் இருக்கும் விவரம் இதில் வராது. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஏறிய விவரம் வரும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. வாடிக்கையாளர் தானாகவே எண்ணைக் கொடுத்து ரசீதை அனுப்பச் சொன்னால், அந்த ஒரு காரியத்துக்குத் தனிச் சம்மதம் தேவையில்லை. சட்டத்திலேயே ஒரு மருந்துக்கடையை உதாரணம் காட்டி இதை விளக்கியிருக்கிறார்கள். அதே எண்ணுக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் அனுப்புவது வேறு காரியம். அதற்குச் சம்மதம் வேண்டும்.

கவலை தரும் செய்தியும் உண்டு. நமக்காக விவரத்தைக் கையாளும் மென்பொருள்காரர் கோட்டை விட்டாலும் சட்டத்தின் முன் பொறுப்பாளி கடைக்காரர்தான். தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் விவரம் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு. தவறின் தன்மையையும், அபராதம் செலுத்துபவருக்கு ஏற்படும் பாதிப்பையும் பார்த்தே தொகையை முடிவு செய்ய வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பெரும்பாலான கடமைகளுக்கு, விதிகள் வெளியான நாளிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

சங்கம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. விவரத்தின் அளவையும் தன்மையையும் பார்த்துச் சிலருக்கு அறிவிப்பு, அழித்தல் முதலிய சில கடமைகளிலிருந்து விலக்குத் தர மத்திய அரசுக்கு 17-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அந்தப் பிரிவில் "ஸ்டார்ட்-அப்" நிறுவனங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் அந்த விளக்கம் பொருந்தும். தனி உரிமையாளர் நடத்தும் மளிகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை ஆகியவற்றின் பெயர் அங்கே இல்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறு வியாபாரிக்குப் பதிவு, பெரியவருக்கு உரிமம் என்று பிரித்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி.யிலும் சிறு வணிகருக்குக் காம்போசிஷன் முறை உண்டு. ஐரோப்பாவிலேயே 250 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பதிவேடு வைப்பதில் ஓரளவு சலுகை இருந்தது. அதை 750 பேர் வரை உயர்த்தலாம் என்று ஐரோப்பிய ஆணையமே 2025 மே மாதம் முன்மொழிந்தது. ஏழாண்டு பட்ட அனுபவம் அவர்களைப் பேச வைத்தது. நாம் பட்ட பிறகு பேசுவதைவிட இப்போதே பேசுவது நல்லது. பாதுகாப்பில் விலக்கு வேண்டாம், எழுத்து வேலையில் விலக்கு வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

1. தேவையில்லாமல் எண் கேட்காதீர்கள். செல் எண் தராவிட்டால் பில் இல்லை என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியுள்ளது.

2. எண் வாங்கினால் எதற்கு என்று சொல்லுங்கள். கல்லா அருகே தமிழில் ஒரு சிறிய பலகை வையுங்கள்.

3. பில்லிங் மென்பொருள்காரரிடம் "வாடிக்கையாளர் விவரத்தை வேறு யாருக்கும் தர மாட்டோம், கணக்கை முடித்தால் அழித்துவிடுவோம்" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரை மாற்றுங்கள்.

4. எல்லா வாடிக்கையாளரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

5. கடை கம்ப்யூட்டரின் கடவுச்சொல் எல்லாப் பையன்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. ஓர் ஊழியர் விலகினால் அதை மாற்றுங்கள்.

6. பழைய விளம்பரப் பட்டியல்களை அழியுங்கள். வரிக் கணக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி அதை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும்.

நம்மிடம் வக்கீல் படை இல்லை. ஆனால் பெரு நிறுவனங்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம் வாடிக்கையாளர் நேரே வந்து, "யாருக்குக் கொடுத்தீங்க?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க முடியும். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் நம் முதல்.

அந்த அம்மாளுக்கு நான் பதில் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. மென்பொருளை மாற்றினேன். பட்டியலிலிருந்து அவர் எண்ணை அவர் எதிரிலேயே எடுத்தேன். "இனிமே பில் மட்டும் போதும் அண்ணாச்சி" என்றார். "பில் மட்டும்தான் அம்மா" என்றேன். இந்த முறை அதைத் தயங்காமல் சொல்ல முடிந்தது.